சார், உங்க கதவு திறந்துதான் இருக்குது

பாலகோபாலின் கட்டைவிரலைப் பூட்டு ஏற்றுக்கொள்ளவில்லை.

வேட்டி நுனியில் விரலைத் துடைத்து மறுபடியும் வைத்தார். ‘கீ’ என்று ஒரு சத்தம், சிவப்பு விளக்கு. இடது கட்டைவிரலை வைத்தார். அதே ‘கீ’. எச்சில் தொட்டு வைத்தார். இந்தத் தடவை பூட்டு மூன்று முறை கத்தியது. திட்டுகிற மாதிரி இருந்தது.

“என்ற ஊடு, என்ற வெரலு. நடுவுல உனக்கென்ன வந்துச்சு?” என்று பூட்டைக் கேட்டார்.

காலை ஏழரை மணி. திருப்பதியில் பெருமாளுக்கு மகளின் கல்யாணத்துக்கு அடித்த முதல் பத்திரிகையை வைத்துவிட்டு, ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்தே வந்த உடம்பு. போதாததற்கு, முன்பக்க ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டிப்போட்டிருந்ததால் டாக்ஸி எங்கெங்கோ சுற்றி, தென்னந்தோப்பு வழியாகப் பின்கேட்டில் புகுந்து வந்து இறக்கிவிட்டுப் போயிருந்தது. உள்ளே போய்க் காலை நீட்டினால் போதும் என்றிருந்தது அவருக்கு.

பாலகோபால் கணபதியில் முப்பத்தைந்து வருடம் பம்புப் பட்டறை நடத்தியவர். எந்த மோட்டாருக்கும் பயந்தவரில்லை, திருடனுக்குத்தான் பயம். சிங்காநல்லூரில் அவர்கள் குடியிருந்தபோது எதிர்வீட்டில் ஒருவன் புகுந்து டிவியைக் கழற்றிக்கொண்டு, ஃப்ரிட்ஜில் இருந்த தயிர்சாதத்தையும் சாப்பிட்டுவிட்டுப் போனான். டிவியைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருத்தன் அடுத்தவன் வீட்டில் உட்கார்ந்து, ஊறுகாய் தேடி எடுத்து, நிதானமாகச் சாப்பிட்டிருக்கிறான் என்பதுதான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

அதனால்தான் சோமனூர் போகிற வழியில், சுற்றிலும் மின்வேலி போட்டு, எல்லாம் ஒரே அச்சில் கட்டியிருந்த பொன்வயல் வில்லாஸில் வீடு வாங்கினார். குடிவந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. எல்லா வீட்டு வாசல் கதவுக்கும் பில்டரே டிஜிட்டல் பூட்டு மாட்டிக் கொடுத்திருந்தார். அந்தப் பூட்டின் மேல் வந்த நம்பிக்கையில், மூன்று வாரத்தில் நடக்கப்போகிற மகள் மேக்னாவின் கல்யாணத்துக்கான நகைகளை பேங்க் லாக்கரிலிருந்து எடுத்துவந்து பீரோவில் வைத்தார்.

“அது பேங்குலயே கெடக்கட்டுமுங்க. கல்யாணத்துக்கு முந்துன நாள் எடுத்துக்கலாம்” என்றாள் மனைவி ராமாமணி.

“அது சாவி போட்டுத் தொறக்கற பூட்டு அம்மணி. இது என்ற கட்டைவிரலு இல்லாம எமனே வந்தாலும் தொறக்காது” என்றார் பாலகோபால்.

இப்போது கட்டைவிரலோடு வந்தவருக்கே திறக்கவில்லை.

ராமாமணிக்கு முழங்கால் வலி. திருப்பதிக்கு வரமுடியாது என்று போத்தனூரில் அக்கா வீட்டில் இருந்தாள். அவளுக்கு போன் போடலாமா என்று நினைத்து, தலையைத் தடவிப் பார்த்து, வேண்டாம் என்று விட்டார். அந்தத் தலையில் ஒரு முடி இல்லை. மீசையும் இல்லை. ‘கல்யாண போட்டோவுல பொண்ணோட அப்பன் மொட்டையா நிக்கப்போறீங்களா? வேண்டுதலை அப்பறம் பாத்துக்கலாம்’ என்று அவள் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். மலையேறியதும் மனசு கேட்கவில்லை, கொடுத்துவிட்டார். அதை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வேலூர் வரைக்கும் யோசித்து, பதில் கிடைக்காமல் தூங்கிப்போனார்.

பெங்களூரில் இருக்கும் மகன் நவநீத் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தது ஞாபகம் வந்தது. எடுத்து, பச்சை வட்டத்தை அமுக்கினார். ‘கதவு திறக்கப்பட்டது’ என்று வந்தது. கதவைத் தள்ளினார். அசையவில்லை. தோளால் முட்டினார். தோள்தான் வலித்தது.

பூட்டுக் கம்பெனியின் உதவி எண்ணுக்கு போன் போட்டார்.

“வணக்கம் சார். உங்கள் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு. பிறந்த தேதி சொல்லுங்க” என்றது ஒரு பெண்குரல்.

“பள்ளிக்கூடத்துல குடுத்ததுங்களா, நெசமாவே பொறந்ததுங்களா?”

“சார், ரெண்டு பிறந்த தேதி வெச்சிருக்கீங்களா?”

“எங்க காலத்துல எல்லாருக்கும் ரெண்டுதான் அம்மணி. வயசு பத்தலீன்னு வாத்தியாரு ஒண்ணு போட்டுக் குடுப்பாரு.”

“சரி சார், பாதுகாப்புக் கேள்வி கேட்கறேன். உங்க செல்லப்பிராணியோட பேர் என்ன?”

“நாய் பூனை ஒண்ணும் எங்கூட்டுல கெடையாதுங்களே.”

“தவறான பதில் சார். இன்னும் ஒரு வாய்ப்புதான் இருக்கு.”

பாலகோபால் அவளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மகனை இன்னொரு லைனில் பிடித்தார். நவநீத் ஏதோ மீட்டிங்கில் இருந்தான். குசுகுசுவென்று, “அப்பா, அதுக்கு ‘பாலு’ன்னு போட்டு வெச்சிருக்கேன்” என்றான்.

“அது என்ற பேருடா!”

“மறக்காம இருக்கட்டுமேன்னுதான்ப்பா” என்று சொல்லி போனை வைத்துவிட்டான்.

கோயமுத்தூரில் பாதிப் பேர் ‘பாலு சார்’ என்று மரியாதையாகக் கூப்பிடும் பெயரை நாய்க்குட்டியின் பெயராக உதவி எண்ணில் ஒப்பித்தார்.

“நன்றி சார். உங்க கணக்கைப் பார்த்துட்டேன். சார், உங்க கதவு திறந்துதான் இருக்குது.”

“மூடியிருக்குது அம்மணி. முன்னால நிக்கறேன்.”

“திரையில் திறந்திருக்குதுன்னு காட்டுது சார். தயவுசெய்து உள்ளே போங்க.”

“எப்படி அம்மணி போறது? நான் என்ன காத்தா?”

“வேறு ஏதாவது உதவி வேணுமா சார்?” என்று கேட்டு, பதில் வருவதற்குள் போனை வைத்துவிட்டாள்.

அப்போதுதான் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். தடியோடு வாட்ச்மேன் செங்கோடன் நின்றுகொண்டிருந்தான். வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள் ஆன புது ஆள். முன்கேட்டிலிருந்து ரவுண்டு வந்தவன், மொட்டைத்தலையோடு ஒருவர் கதவிடம் சண்டை போடுவதைக் கண்டு கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்திருக்கிறான்.

“ஏனுங்க, யாரைப் பாக்கோணும்?”

“யாரையும் பாக்க வேண்டாம். இது என்ற ஊடு. பாலகோபால்.”

செங்கோடன் தன் போனில் குடியிருப்போர் பட்டியலைத் தேடி எடுத்து, படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தான். படத்தில் இருந்தவருக்குக் காடு மாதிரி முடி. கீழே அதற்குச் சளைக்காத மீசை.

“இது வேற ஆளுங்களே” என்றான் வருத்தத்தோடு.

“மொட்டையடிச்சிருக்கேனப்பா. திருப்பதி. லட்டு வேணுமா, தரட்டா?”

“லட்டு யாரு வேணும்னாலும் வெச்சிருக்கலாமுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. ஆளு மாறாட்டம் பண்ணித்தான் இப்பல்லாம் திருடறாங்கன்னு எங்களுக்கு ட்ரெயினிங்ல சொல்லிருக்காங்க.”

பாலகோபாலுக்குக் கோபம் வந்தது. அதே சமயம், இந்த மாதிரி ஒரு வாட்ச்மேனைத்தானே நாம் தேடினோம் என்று கொஞ்சம் திருப்தியும் வந்தது. அப்போது கையில் இருந்த போன் டிங்கென்றது. ‘கதவு மூடப்பட்டது. தானாகப் பூட்டிக்கொண்டது.’

இருவரும் போனைப் பார்த்தார்கள். பிறகு கதவைப் பார்த்தார்கள். கதவு அப்படியேதான் இருந்தது.

“யாருங்க மூடுனது?” என்றான் செங்கோடன்.

பாலகோபால் பச்சை வட்டத்தை மறுபடி அமுக்கினார். ‘கதவு திறக்கப்பட்டது.’ இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். டிங். ‘கதவு மூடப்பட்டது.’

“உள்ள ஆளிருக்குது” என்று பாலகோபால் குரல் எழும்பாமல் சொன்னார். “நான் தொறக்கத் தொறக்க உள்ள இருந்து சாத்திக்கறான். பீரோவுல என்ற புள்ளையோட நகை இருக்குதப்பா.”

உள்ளே ஒருத்தன் நிதானமாக உட்கார்ந்திருக்கிறான். ஃப்ரிட்ஜில் ராமாமணி புளிக்குழம்பு வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

செங்கோடன் பாய்ந்து போலீசுக்கு போன் போட்டான். “ஏனுங்க சார், இங்க ரெண்டு திருடனுங்க. ஒருத்தரு ஊட்டுக்குள்ள இருக்காரு. இன்னொருத்தரு எங்கூடத்தான் நின்னுட்டிருக்காருங்க.”

அரைமணி நேரத்தில் ஜீப் வந்தது. பெண் சப்-இன்ஸ்பெக்டர் ரம்ஷா முதலில் இறங்கினார். முப்பது வயதிருக்கும். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

“ஏனப்பா, ஒரு ஊட்டுலயும் நம்பர் இல்ல? ரெண்டு சுத்து சுத்திப்போட்டு வாரோம்” என்றார் செங்கோடனிடம்.

“போர்டு பித்தளையில போடறதா, ஸ்டீல்ல போடறதான்னு கமிட்டில சண்டைங்கம்மா.”

“கேமராவாவது இருக்குதா?”

“முப்பது இருக்குதுங்கம்மா. ரெக்கார்டிங் மட்டும் அடுத்த மாசத்துல இருந்துங்க.”

பாலகோபால் நடந்ததைச் சொன்னார். நம்பாத முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்த ரம்ஷாவின் கண்முன்னாலேயே பச்சை வட்டத்தை அமுக்கிக் காட்டினார். திறக்கப்பட்டது. கான்ஸ்டபிள் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது விநாடி. மூடப்பட்டது.

“வெளிய போலீஸ் நிக்குதுன்னு தெரிஞ்சும் சாத்தறான்னா நெஞ்சழுத்தக்காரன்தான்” என்றார் ரம்ஷா. ஜீப்பிலிருந்து ஒலிபெருக்கியை எடுத்துவரச் சொன்னார். வீட்டைப் பார்த்து, “ஏனுங்க, உள்ள இருக்கறவங்க! நாங்க போலீசுங்க. கைய மேல தூக்கிட்டுப் பொறுமையா வெளிய வந்துருங்க. ஒண்ணும் பண்ண மாட்டோமுங்க” என்று அறிவித்தார்.

அக்கம்பக்கத்து மாடிகளில்தான் ஜன்னல்கள் திறந்தன. பதினொரு நாளில் பாலகோபாலோடு ஒரு வார்த்தை பேசியிராத பொன்வயல்வாசிகள் எல்லோரும் போனைத் தூக்கிப்பிடித்து வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள்.

“கதவை ஒடைச்சுருங்கம்மா” என்றார் பாலகோபால்.

“ஒடைக்கலாம். அதுக்கு முன்னாடி நீங்கதான் ஓனர்னு எனக்குத் தெரியோணும். நாளைக்கு நெசமான ஓனர் வந்து, திருடனுக்குப் போலீசே கதவைத் தொறந்து விட்டுச்சுன்னு சொன்னா நான் எங்க போறது?”

பர்ஸிலிருந்து ஆதார் நகலை எடுத்துக் கொடுத்தார். ரம்ஷா அதை நேராகவும் சாய்த்தும் பார்த்தார்.

“ஆதார் படத்தை வெச்சு நான் இதுவரைக்கும் ஒருத்தரையும் கண்டுபுடிச்சதில்லீங்க. ஊட்டுக்காரம்மாவைக் கூப்புடுங்க. முகம் பாத்துப் பேசற மாதிரி.”

பாலகோபாலின் கை தலைக்குப் போனது. “அவளை வேண்டாமுங்கம்மா.”

“ஏன்?” என்ற ரம்ஷாவின் கண் சுருங்கியது. கான்ஸ்டபிள்கள் ஆளுக்கொரு பக்கமாக ஓரடி நெருங்கி வந்தார்கள்.

வேறு வழியில்லை. வீடியோ காலில் போத்தனூர் சமையலறையும் ராமாமணியும் தெரிந்தார்கள். அவள் திரையை உற்றுப் பார்த்து, “யாரு நீ? என்ற ஊட்டுக்காரரு போனு உங்கிட்ட எப்படி வந்துச்சு?” என்று சத்தம் போட்டாள்.

“ராமா, நான்தான்…”

“அவரு எங்க? அவரை என்ன பண்ணுனே?”

செங்கோடன் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்கிற மாதிரி தடியைத் தரையில் ஊன்றினான். ரம்ஷா போனை வாங்கித் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, “அம்மா, பதட்டப்படாதீங்க. உங்க ஊட்டுக்காரருக்கு மட்டும் தெரிஞ்ச கேள்வியா ஒண்ணு கேளுங்க” என்றார்.

ராமாமணி யோசித்தாள். “காப்பி குடிச்சுப்போட்டு டம்ளரை எங்க வெப்பாருன்னு கேளுங்க.”

“குடிச்ச எடத்துலயே” என்றார் பாலகோபால்.

“அவரேதானுங்க” என்று சொன்ன ராமாமணி, அடுத்த கணம் திரைக்குள்ளிருந்து வெளியே வந்துவிடுவது போல் முன்னால் குனிந்தாள். “அப்படீன்னா அந்த மொட்டை?”

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கோபம் வந்தால் மட்டும் அவள் பேசும் வீட்டுத் தெலுங்கு. இரண்டு நிமிடம் நிற்காமல் வந்தது. ரம்ஷாவுக்கு அதில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, ‘மனைவி அடையாளம் காட்டினார்’ என்று எழுதிக்கொண்டார்.

உக்கடத்திலிருந்து நசுருதீனை வரவழைத்தார்கள். கோட்டைமேட்டுப் பக்கம் மூன்று தலைமுறையாகப் பூட்டு வேலை செய்கிற குடும்பம். போலீசுக்குத் திறக்க வேண்டிய கதவென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்கூட்டரை நிறுத்தியதும் அவர் பெட்டியைத் திறக்கவில்லை. ஒரு தாளை நீட்டினார்.

“யாரு சொல்லித் தொறக்கறேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்கம்மா. அப்பறம்தான் கைய வெப்பேன்.”

ரம்ஷா கையெழுத்துப் போட்டார். ஓனர் என்ற இடத்தில் பாலகோபாலும் போட்டார். சாட்சியாகச் செங்கோடன் பெரிய எழுத்தில் பெயரை எழுதினான். நசுருதீன் மண்டியிட்டு, பூதக்கண்ணாடியால் பூட்டைச் சுற்றிலும் பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டினார்.

“ஒரு கீறல் இல்லீங்கம்மா. இதை யாரும் தொட்ட மாதிரியே தெரியல. கடையில இருந்து வந்தாப்ல இருக்குது.”

“அவ்வளவு கைதேர்ந்த ஆளா?” என்றார் ரம்ஷா.

துளைக்கும் எந்திரம் பத்து நிமிடம் அலறியது. பூட்டு இரண்டாகக் கழன்று விழுந்தது. கான்ஸ்டபிள்கள் லத்தியோடு உள்ளே பாய்ந்தார்கள். பின்னால் ரம்ஷா. அவருக்குப் பின்னால், தடுத்தும் கேட்காமல், பாலகோபால்.

உள்ளே திருடன் இல்லை.

சோபாவும் இல்லை. டிவி இல்லை. சாப்பாட்டு மேசை இல்லை. சமையலறைக்கு ஓடினார், அடுப்பு இல்லை, மிக்ஸி இல்லை, ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தில் வெறும் சுவர். மாடிக்கு ஓடினார். கட்டில் இல்லை. பீரோ இல்லை. பீரோவோடு சேர்த்து மேக்னாவின் கல்யாணமும் அந்த அறையிலிருந்து போயிருந்தது.

“எல்லாம் போச்சுங்கம்மா!” என்று கத்திக்கொண்டே கீழே வந்தார். “சாமி படம் முதற்கொண்டு போச்சு! ஃபேனைக் கழட்டியிருக்கானுங்க! வாசல்ல மாவிலைத் தோரணம் கட்டியிருந்தோம், அந்தக் காஞ்ச எலையைக்கூட விடலீங்க!”

ரம்ஷா சுவரைத் தடவிப் பார்த்தார். “படம் மாட்டுன ஆணி எங்க இருந்துச்சு?”

பாலகோபால் காட்டிய இடத்தில் ஆணியும் இல்லை. ஆணி அடித்த ஓட்டையும் இல்லை.

“பூசி, பெயிண்ட் அடிச்சுட்டுப் போயிருக்கானுங்க. வாசனை இன்னும் அடிக்குது பாருங்க” என்றார் ஒரு கான்ஸ்டபிள்.

“அம்மா, இங்க பாருங்க” என்று கூப்பிட்டார் இன்னொருவர். “ஸ்விட்ச்சுக்கெல்லாம் புதுசா பிளாஸ்டிக் கவர் போட்டிருக்கானுங்க. கைரேகை விழாம இருக்கறதுக்கு!”

ரம்ஷா நடு ஹாலில் நின்று சுற்றிலும் பார்த்தார். ஒன்பது வருட உத்தியோகத்தில் அவர் இப்படி ஒரு திருட்டைப் பார்த்ததில்லை. “இது லோக்கல் ஆளுங்க வேலையில்ல. பெரிய கேங்கு. ஒரு லாரியாவது வந்திருக்கோணும்” என்று மேலதிகாரிக்குத் தகவல் சொல்ல வெளியே போனார். கைரேகைக்காரர்களையும் மோப்ப நாயையும் அனுப்பச் சொல்லிக் கேட்பது பாலகோபாலின் காதில் விழுந்தது.

அவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டில் போனது ஒரு டிவி. தனக்கு ஆணி ஓட்டை வரைக்கும் போய்விட்டது. அந்த நகை பேங்க்கில் பத்திரமாகத்தான் இருந்தது. அதைக் கொண்டுவந்து, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்தது அவர் கை. மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்வது? அதைவிட, மேக்னா ஒன்றுமே சொல்லமாட்டாள், ‘பரவால்லப்பா’ என்பாள். அதை நினைத்தபோதுதான் கண்ணில் நீர் முட்டியது.

போத்தனூருக்கு அவரே போன் போட்டார். “ராமா, எல்லாம் போச்சு. ஊட்டுல ஒரு ஸ்பூனு இல்ல. நீ சொன்னதை நான் கேட்டிருக்கோணும்.”

திட்டு வரும் என்று காதைக் கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தார். திட்டு வரவில்லை.

“நான் வண்டி புடிச்சு வாரேன்” என்றாள் ராமாமணி. “மொட்டைத் தலையோட வெயில்ல உக்காந்திருக்காதீங்க. பையில துண்டிருக்கும், எடுத்துத் தலையில போடுங்க.”

பாலகோபால் பையைத் திறந்து துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். போன் கையிலேயே இருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் பச்சை வட்டத்தை இன்னும் நாலைந்து தடவை அமுக்கினார். பூட்டே இரண்டு துண்டாகத் தரையில் கிடக்க, போன் மட்டும் சலிக்காமல் திறக்கப்பட்டது, மூடப்பட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தது. ரம்ஷா அதை எட்டிப்பார்த்து, “போனையும் ஹேக் பண்ணிருக்காங்க. உங்க பேருல வேற என்னென்ன வாங்கி வெச்சிருக்காங்களோ” என்றார். பாலகோபால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பதினொன்றரை மணிக்கு மோப்ப நாய் வந்தது. வீரா என்று பெயர், பளபளவென்று கறுப்பு. அதைப் பிடித்து வந்த போலீஸ்காரர், “வீட்டுல இருந்த பொருளு ஏதாச்சும் ஒண்ணு குடுங்க, மோப்பம் புடிக்கறதுக்கு” என்றார்.

“வீட்டுல இருந்த பொருளு ஒண்ணுமே இல்லீங்களே” என்றார் ரம்ஷா.

பாலகோபால் தலையில் இருந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். வீட்டிலிருந்து திருப்பதிக்கு எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்த துண்டு அது.

வீரா துண்டில் மூக்கைப் புதைத்தது. உடைந்த கதவின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே பாய்ச்சலாக கேட்டைத் தாண்டி, வலப்பக்கம் திரும்பி, சந்துக்குள் புகுந்து மறைந்தது. பிடித்திருந்தவர் கயிற்றோடு பின்னால் இழுபட்டு ஓடினார்.

“தடம் கெடச்சுருச்சு!” என்று ரம்ஷா தொப்பியைச் சரிசெய்தார். நசுருதீன் பெட்டியைப் பூட்டாமல் எழுந்து நின்றார். மாடிகளில் இருந்த போன்களெல்லாம் சந்தின் பக்கம் திரும்பின.

ஐந்து நிமிடத்தில் போலீஸ்காரர் நாயை இழுத்துக்கொண்டு தலைகுனிந்து திரும்பி வந்தார். “மன்னிச்சுக்கோங்கம்மா. வெயிலுக்கு மூக்கு குழம்பிருச்சாட்ட இருக்குது. அந்தப் பக்கம் யாரோ குடியிருக்கற ஊட்டுக்குள்ள பூந்து, ஃப்ரிட்ஜுக்கு முன்னால போய்ப் படுத்துக்கிச்சு.”

அவருக்குப் பின்னாலேயே, துடைத்த தரையெல்லாம் நாய்க்கால் ஆகிவிட்டது என்று திட்டிக்கொண்டு, தரை துடைக்கும் குச்சியோடு ஒரு பெண் வந்தாள். பாலகோபாலின் வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பெருக்கித் துடைக்க வரும் ராசாத்தாள். போலீஸ், ஜீப், உடைந்த கதவு, படியில் உட்கார்ந்திருக்கும் மொட்டைத்தலை எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தாள். காலையிலிருந்து கட்டைவிரல், செல்லப்பிராணி, ஆதார், காபி டம்ளர் என்று எல்லோரும் படாதபாடு பட்டுக் கண்டுபிடித்த ஆளை, அவளுக்குக் கண்டுபிடிக்க ஒரு விநாடிகூட ஆகவில்லை.

“ஏனுங்கய்யா, நான் வேலைக்கு வந்தப்பவே தொறந்து கெடந்த நம்மூட்டுக் கதவு காலைல இருந்து தன்னால தொறந்து தொறந்து, சாத்திச் சாத்தி என்ற கையே போச்சு, நீங்க என்னடான்னா பின்னாடி லைன்ல வந்து, இன்னும் விக்காத காலி ஊட்டை எதுக்குங்க ஒடைச்சுட்டு உக்காந்திருக்கறீங்க?”